பாதிவழி என்று பெயர் வைத்தவர்

லாரிகளை எடைபோடும் எடைமேடைக்கு எதிரே இருக்கும் பட்டறையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். பழைய கார்களும் பழைய லாரிகளும்தான் அவருக்குப் பிழைப்பு. ஆனால் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதைவிட, அதற்குப் பட்டப்பெயர் வைப்பதில்தான் மனுஷன் கெட்டிக்காரர். அதனால் டிரைவர்கள் அவரைப் பேர்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் பெருமை தாங்காது.

வாய்க்கு வந்ததை எல்லாம் வைத்துவிடமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த மாமனைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். அதன் குணம் பிடிபட வேண்டும். பிடிபட்டதும் எழுந்து, மஞ்சள் பெயிண்டில் பிரஷ்ஷைத் தோய்த்து, எஞ்சினின் மேல்தகட்டில் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவார். எழுதியது எழுதியதுதான். அழித்து எழுதுவது என்ற பேச்சே கிடையாது.

டாக்டர் ஒருவரின் பழைய காரில் எட்டு சிலிண்டர் எஞ்சின். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு, இரண்டு அணியும் நாள் முழுக்க ஒன்றையொன்று மறுத்துக் கத்தும், கடைசி வரை ஒரு முடிவுக்கும் வராது. அதற்குப் பெயர் பட்டிமன்றம். எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் போதாது போதாது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஒரு லாரி எஞ்சினுக்கு சம்பந்தியம்மா. காலையில் பின்னால் நின்று இருவர் தள்ளினால் மட்டும் கிளம்பும் வேனுக்கு மாப்பிள்ளை. புகைக்குழாய் வழியாகத் தும்மித் தும்மி ஓடும் சின்ன காருக்கு மூக்குப்பொடி. கம்பெனிக்காரன் வைத்த எண்ணும் எழுத்தும் அந்தத் தெருவில் ஒருவருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. உதிரிபாகக் கடையில் போய், "சம்பந்தியம்மாவுக்கு ஒரு பெல்ட் குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் சரியான பெல்ட்டை எடுத்து வைப்பார்.

வீட்டில் மட்டும் இந்தப் புகழ் செல்லுபடியாகவில்லை. "ஊர்ல ஓடுற எஞ்சினுக்கெல்லாம் பேர் தெரியும். அடுப்படியில உப்பு எந்த டப்பா, சர்க்கரை எந்த டப்பான்னு கேளுங்க, முழிப்பாரு" என்பாள் மனைவி. அவரும் பதிலுக்கு முழித்துக் காட்டுவார்.

அவருக்கு ஒரே தங்கை. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட பிறகு, அண்ணன் வீட்டு முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது என்று ஒரு நாள் எழுந்தவள், லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து நின்றாள். பட்டறை மூலையில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு லாரியையும் வாங்கிக்கொண்டாள். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எஞ்சினைப் பிரித்து, கழுவி, மாற்ற வேண்டியதை எல்லாம் மாற்றினார். அதோடு விட்டாரா? டீசல் டேங்கின் பழைய மூடி நசுங்கிப்போயிருந்தது. பூட்டுப் போட்ட பித்தளை மூடி ஒன்றை எங்கிருந்தோ கழற்றி எடுத்து, தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, தன் கையாலேயே மாட்டிக்கொடுத்தார். "என் தங்கச்சி வண்டியில எவனும் ஒரு சொட்டு டீசல் திருட முடியாது" என்று தெருவெல்லாம் சொன்னார்.

லாரி நன்றாகத்தான் கிளம்பியது. பாதிவழி போனதும் நின்றது. தங்கை இறங்கி, பானெட்டைத் திறந்து பார்த்து, டேங்கைத் திறந்து குச்சி விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஏறி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. பட்டறைக்குக் கொண்டுவந்தால் சமர்த்தாக நின்று உறுமியது. அடுத்த முறை போனால் மறுபடியும் நடுவழியில் படுத்துக்கொண்டது. அண்ணன் பம்பைக் கழற்றினார், குழாய்களை ஊதினார், வடிகட்டியை மாற்றினார். எதிலும் குற்றம் இல்லை. கடைசியில் வாளியில் உட்கார்ந்து யோசித்து, சிரித்துக்கொண்டே மஞ்சள் பெயிண்டில் எழுதினார்: பாதிவழி. தங்கையும் அன்று கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் சிரிப்பு குறைந்துபோயிற்று. டிரைவர்கள் அவளையே பாதிவழியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாள் கெடு உள்ள சரக்கை யாரும் அவள் வண்டியில் ஏற்றவில்லை. செங்கல், மணல், பழைய இரும்பு, எப்போது போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை என்கிற சாமான்தான் கிடைத்தது.

இந்த நிலைமையில்தான் கட்டில், மேஜை செய்கிற கம்பெனி ஒன்றின் கிடங்கு மேலாளர், வருஷம் முழுக்கச் சரக்கு ஏற்ற ஒரு லாரி வேண்டும் என்று எடைமேடைக்கு வந்தார். தங்கையிடம் பேசினார். பேச்சு பிடித்துப்போயிற்று. எதற்கும் ஒரு பார்வை பார்ப்போம் என்று பானெட்டைத் தூக்கினார். மஞ்சள் எழுத்து அவரைப் பார்த்து இளித்தது.

"பாதிவழியா? ஏம்மா, என் கட்டிலெல்லாம் ரோட்டுல கிடக்கணுமா?" என்றார். வியாழக்கிழமை வரை வேறு வண்டி கிடைக்காவிட்டால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை நேரே பட்டறைக்கு வந்தாள். "அந்தப் பேரை அழிச்சிடுண்ணா."

"அதெப்படி அழிக்கறது? நிக்குதா இல்லையா?"

"நிக்குது."

"அப்புறம் என்ன? பொய்யாவா வெச்சேன்?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "சரிண்ணா. இந்த வேலை கிடைக்கலைன்னா வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன். தையல் மெஷின் உன் வீட்டுலதானே இருக்கு?" என்றாள்.

அந்தக் கேள்வி அவரைச் சோறு தின்னவிடவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு முன்னறையில் அவள் உட்கார்ந்திருந்த காலம் கண்ணுக்குள் வந்து நின்றது. மறுநாள் காலை, "எடு வண்டியை. நானும் கூட வந்து பாக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தார். உள்ளுக்குள் அவருக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாகவே உண்டு. எஞ்சினில் குறை இல்லை என்றால் ஓட்டுகிற கையில்தான் குறை. தங்கையிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். வழியெல்லாம் அவள் கிளட்சை மிதிக்கும்போது கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கால்களில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் வழக்கமான இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் லாரி இழுத்து இழுத்து நின்றது.

அவள் முன்பக்கம் போய் பானெட்டைத் தூக்கினாள். அவர் எரிச்சலோடு பின்னால் போய், டீசலையாவது பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று உள்ளே போகிற சத்தம். பேர்க்காரர் அப்படியே நின்றுவிட்டார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஓட்டை இல்லை.

மெக்கானிக் தொழிலில் முதல் பாடம் அது. டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். அது இல்லாவிட்டால் கொஞ்ச தூரம் போனதும் பம்பால் டீசலை இழுக்க முடியாது, எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தால் காற்று புகுந்து மறுபடி ஓடும். அந்தப் பித்தளை மூடியை அவர் கழற்றியது ஒரு தண்ணீர் பம்பு எஞ்சினிலிருந்து. அதற்குக் காற்று போக வேறொரு குழாய் இருந்தது. பளபளப்பைப் பார்த்தவர் துவாரத்தைப் பார்க்கவில்லை.

ஆக, எஞ்சின் நிரபராதி. ஊர் உலகத்து எஞ்சினுக்கெல்லாம் குணம் சொன்ன மகான், தன் கையால் அதன் மூக்கைப் பொத்திவிட்டு, பாதிவழியில் நிற்கிறாய் என்று பெயரும் வைத்திருக்கிறார்.

தங்கை முன்பக்கம்தான் இருந்தாள். அவர் ஓர் ஆணியை எடுத்து, மூடியின் நடுவில் வைத்து ஸ்பானரால் ஓங்கி ஒரு போடு போட்டார். மூடியை மாட்டினார். வாயையும் மூடிக்கொண்டார்.

லாரி போக வேண்டிய தூரம் முழுக்கப் போய், திரும்பியும் வந்தது. மேடேறும்போதுகூட முனகவில்லை. "என்னண்ணா பண்ணினே?" என்று கேட்ட தங்கையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஒண்ணுமில்ல. ஒரு தட்டு தட்டினேன்."

"உன் கை பட்டாலே போதும்ணா."

அது உண்மையும்தான், பொய்யும்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை மேலாளர் வந்தார். வேறு லாரி கிடைக்கவில்லை போலிருக்கிறது. எடைபோடக் காத்திருந்த டிரைவர்கள் எல்லாரும், வேலை மெனக்கெட்டு, சுற்றி வந்து நின்றார்கள். "வண்டி இப்ப எங்கயும் நிக்கறதில்ல சார்" என்றாள் தங்கை.

மேலாளர் பேர்க்காரரைப் பார்த்தார். "நீங்க வெச்ச பேர் தப்பவே தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்ப உங்க தங்கச்சி நிக்காதுங்கறாங்க. எதை நம்பறது?"

"அது வந்து... அப்ப ஒரு சின்ன கோளாறு. சரி பண்ணியாச்சு" என்று இழுத்தார்.

"என்ன கோளாறு?"

"எஞ்சின்னா ஆயிரம் இருக்கும் சார்."

சிமெண்ட் லாரிக்காரர் ஒருவர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "எஞ்சினைச் சரி பண்ணிடலாம் சார். ஓட்டறது அவங்கதானே? அதை எப்படிச் சரி பண்றது?"

நாலு பேர் சிரித்தார்கள். தங்கை மட்டும், அது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். பேர்க்காரர் அவளைப் பார்த்தார். இவளுமா அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள்? இத்தனை நாளாகவா?

"எஞ்சின்ல கோளாறே இல்ல சார்" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ஓட்டினதுலயும் இல்ல. டேங்க் மூடியில காத்து போக ஓட்டை இல்ல. அந்த மூடியை மாட்டினவன் நான். என் தப்பு தெரியாம எஞ்சினைக் குத்தம் சொன்னேன். மனசுக்குள்ள இவளைச் சொன்னேன். முந்தாநாள்தான் கண்டுபிடிச்சேன், கண்டுபிடிச்சும் சொல்லல."

எடைமேடையில் சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அடங்கவே மாட்டேன் என்றது. பேர் வைப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து பார்க்கக்கூடாதா என்று ஒருவர் கேட்டார். மாப்பிள்ளை வேனின் டிரைவர், தன் வண்டிக்கும் மூடியை ஒரு தடவை பார்த்துச் சொல்லும்படி ரொம்பப் பணிவாக வேண்டிக்கொண்டார். பேர்க்காரர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். மேலாளரும் சிரித்துவிட்டு, "தன் தப்பை நாலு பேர் முன்னால சொல்ற மெக்கானிக்கை இப்பதான் பாக்கறேன். நாளைக்குக் காலையில ஏத்திக்கம்மா" என்றார்.

தங்கை அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, மறுநாள் சரக்கு ஏற்றும்போதும் பேசவில்லை. அவர் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார், கட்டிய கயிற்றையே மறுபடி இழுத்துப் பார்த்தார். கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று பட்டறையில் அவர் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. நட்டைக் கையில் வைத்துக்கொண்டே நட்டைத் தேடினார். மனைவி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, கிண்டல் எதுவும் செய்யாமல் போனாள். வெயில் சாயும்போது போன் அடித்தது.

"போய்ச் சேந்துட்டேன். இறக்கிக்கிட்டிருக்காங்க" என்றாள் தங்கை.

"எங்கயும் நிக்கலியே?"

"நிக்கல." கட்டில்களை இறக்குகிறவர்களின் குரல் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: "ஒவ்வொரு தடவை நின்னப்பவும், எனக்கு இது வராது போலன்னு நெனச்சுப்பேன்ணா. திரும்பி வரும்போது அழுதுகிட்டே வருவேன். உன்கிட்ட சொன்னதில்ல."

எதற்கும் ஒரு பெயரைச் சட்டென்று எடுத்து வீசும் மனுஷன், போனைக் காதில் வைத்தபடியே, கவிழ்த்துப் போட்ட வாளியில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணா, இருக்கியா?"

"இருக்கேன்மா" என்றார். "நீ முதல் நாள்லேர்ந்தே நல்லாத்தான் ஓட்டினே."