உலையில் அடையும் இடுக்குகள்

ஜெர்மனியில் ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னால் அதோடு முடிந்தது. வந்த புதிதில், எங்கள் ஆய்வகத்து ஹெல்கா கேக் டப்பாவை என்னிடம் நீட்டினார். "நைன், டாங்கே", அதாவது வேண்டாம், நன்றி என்றேன். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கோ அகோரப் பசி. நம் கோயமுத்தூர்ப் பக்கம் முதல் 'வேண்டாமுங்க'வை யார் கணக்கில் எடுப்பார்கள்? வற்புறுத்தி வற்புறுத்திக் கேட்ட பிறகுதானே தட்டையே தொடுவோம். போகப் போக நானும் தேறிவிட்டேன். இப்போதெல்லாம் நீட்டியதும் எடுத்துக்கொள்கிறேன்.

என் பிழைப்பு பீங்கான் பொடியோடு. அலுமினியத் தூளையும், அலுமினா என்கிற அதன் ஆக்சைடுத் தூளையும் சேர்த்து அரைத்து, வில்லையாக அழுத்தி உலையில் வைப்போம். சாதாரணப் பீங்கான் வெந்தால் நன்றாகச் சுருங்கிவிடும். இதில் அலுமினியம் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, தானும் ஆக்சைடாகிப் பருக்கும். துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகள் அடையத் தொடங்கும். மேலும் சூடு ஏற ஏற மிச்ச இடுக்குகளும் மூடி, வில்லை கல்லாக இறுகிவிடும். அளவு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் வெடித்துவிடும் என்பதால் நான் உலையை விட்டு நகர முடியாது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதில் பாதிதான் உண்மை. நான் இல்லாவிட்டால் ஹெல்கா பார்த்துக்கொள்வார்.

சோமனூரில் கட்டிக்கொடுத்த என் தங்கை கலாமணி ஒருநாள் ஃபோன் செய்தாள். மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

"ஏனுங்கண்ணா, உலை வேலை இருக்குமுங்களா? இருந்தா வராட்டியும் பரவால்லீங்க."

"சரி, கண்ணு" என்றேன்.

அவள் லைனிலேயே இருந்தாள். நானே ஃபோனை வைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறுநாள் வில்லைகளை உலையில் அடுக்கும்போதுதான், அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்பது உறைத்தது. "அதெப்படி கண்ணு, வராம இருப்பேனா" என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம், டிக்கெட் எடுக்கவும் நாள் இருந்தது. ஆனால் உலையைப் போட்டாயிற்றே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

காதுகுத்து முடிந்தபின் கூப்பிட்டேன். "நம்ம பெரியப்பா ஊட்டு செந்திலண்ணன் மடியில வெச்சுக்கிட்டாருங்க. ஒரு குறையுமில்லீங்க, புள்ளை அழுகவே இல்லை" என்றாள் கலாமணி. குரலில் துளிக் கோபமில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "இருங்க, பாப்பாகிட்டத் தாரேன். கண்ணு, மாமன் பேசறாங்க பாரு."

"எந்த மாமன்?" என்று குழந்தை கேட்டது.

"ஜெர்மனி மாமன், கண்ணு" என்றாள் கலாமணி.