இடப்பக்கத்துப் பை

டாக்டர் செல்வமணியின் மகள் கவிதா காலையில் அழைத்தாள். "ஆன்டி, அப்பா போயிட்டாரு. உங்ககிட்ட குடுக்கச் சொல்லி ஒரு ஸ்லைடு வச்சிருக்காரு." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். எந்த ஸ்லைடு என்று நான் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வகத்தில் நான் படம் வரைபவளாக இருந்தேன். கேரி தீவின் செம்பனைத் தோட்டத்து மண்ணில் வாழும், கடுகிலும் சிறிய சிலந்திப்பேன்களை அவர் பிரித்தெடுப்பார். அமிலத்தில் ஊறி அவற்றின் உடல் கண்ணாடிபோல் ஆனதும், ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே தெரிவதை நான் வரைவேன்.

"பாருங்க மிசஸ் நாதன், இதோட உணவுக்குழாய் மூளைக்கு நடுவுல போவுது. பெருசா முழுங்குனா மூளை நசுங்கிரும்."

"நம்ம டைரக்டர் பெருசாத்தானே முழுங்குறாரு?"

"அவருக்கு நசுங்குறதுக்கு என்ன இருக்கு லா!"

சிரித்தாலும் வேலையில் கறாரானவர். "கண்டதை விடாதீங்க, காணாததைப் போடாதீங்க" என்பார். அவரிடம் படித்த உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

ஒருமுறை புதுவகைப் பேன் கிடைத்தது, ஒன்றே ஒன்று. இரைப்பையின் வலப்பக்கத்தில் ஒரு பை தெரிந்தது. இடப்பக்கத்தை முட்டைகள் மறைத்திருந்தன. பள்ளி நாட்களில் பாதி காலியான தாளைக் கொடுத்தால் கான்வென்ட் சிஸ்டர் திருப்பி எறிவார். அந்தப் பழக்கம் எனக்கு. வலப்பக்கத்துப் பையையே இடப்பக்கத்திலும் வரைந்துவிட்டேன்.

"இடது பக்கம் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

"தெரியாமலா வரைவேன்?" என்றேன்.

படத்தின் கீழ் கையெழுத்திட்டார். படம் அச்சேறியது, மாணவர்கள் அதைப் பார்த்துப் படித்தார்கள். அன்றிலிருந்து அவர் நுண்ணோக்கியில் குனியும்போதெல்லாம் நான் பென்சில் சீவ எழுந்து போய்விடுவேன். ஓய்வுபெற்று, கணவரும் போன பிறகுகூட, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் தொலைபேசி அடித்தால் அவர்தானோ என்று எடுக்கத் தயங்கியிருக்கிறேன்.

கிள்ளானில் அவருக்குக் காரியம் முடிந்ததும் கவிதா சிறு பெட்டியொன்றைத் தந்தாள். ரயிலில் அதைத் திறக்கத் துணிவின்றி மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டில் திறந்தேன். அதே ஸ்லைடு. சுற்றியிருந்த தாளில் அவர் கையெழுத்து: "இடது பை எனக்குத் தெரியவில்லை. மிசஸ் நாதனை இரண்டாவது முறை கேட்கப் பயமாக இருந்தது. தவறு என்னுடையதும்தான்."

என்னைக் கண்டு அவரும் பயந்திருக்கிறார். அதை அறிந்தும் என் பயம் குறையவில்லை. படத்தில் அவர் பெயரும் இருக்கிறது; திருத்த அவர் இல்லை.

நேற்று மறுபடி வரைந்தேன். இடப்பக்கத்தில் முட்டைகள் மட்டும். வெளியிட்ட இதழுக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதுவும் தெரியாது.

ஸ்லைடைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடுவேன். நான் வைத்துக்கொள்ளப்போவது, அவர் இரண்டாவது முறை கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைத்தான்: "இடது பக்கம் தெரிஞ்சுச்சா?"

தெரியல, டாக்டர்.