யோகனின் பல்லும் இரண்டு கமராக்களும்: மட்டக்களப்பு வாவியில் நான்கு நாட்கள்

இந்தத் தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பயணத்துக்கு மிரர்லெஸ் கமரா வாங்குவதா, சட்டைப்பைக்குள் போகும் கொம்பெக்ட் போதுமா? என்னிடம் இரண்டும் இருந்தன. புதிதாக வாங்கிய மிரர்லெஸ், அதற்கு என் முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸ். கூடவே கீறல் விழுந்த பழைய கொம்பெக்ட் ஒன்று. போன ஐப்பசியில் நான்கு நாள் லீவு கிடைத்தது. இரண்டையும் மட்டக்களப்பு வாவிக்குக் கொண்டுபோய்ப் பாவித்துப் பார்த்து, திரும்பி வந்ததும் ஒன்றை விற்றுவிடுவது என்று திட்டம்.

போன இடத்தில் என்னைத் தோணியில் ஏற்றிப்போன மனிதர் இறந்துபோனார். அவரை விட்டுவிட்டு லென்ஸைப் பற்றி மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. கமராவுக்காக வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அதுவும் வரும். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து இரவு எட்டரைக்குப் புறப்படும் கல்முனை பஸ்ஸைப் பிடித்தேன். டிக்கெட் 2,300 ரூபா. குளிர்சாதனம் என்ற பெயரில் ஆளை விறைக்க வைத்துவிடுவார்கள், போர்வை கொண்டுபோங்கள். விடிய ஐந்தேகாலுக்குத் தேற்றாத்தீவில் இறங்கினேன். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு ஒடுங்கின துண்டு நிலத்தில் ரோட்டும் வீடுகளும் தென்னையும். தங்குமிடத்துக்காரர் அனுப்பிய ஓட்டோ காத்திருந்தது. ஓட்டுநர் குணத்துக்கு முப்பது வயதிருக்கும். வாவிக்குள் போகவேண்டும் என்றதும், "என்ட அத்தான் கூட்டிட்டுப் போவார் சேர், யோகன் எண்டு பேர். மூவாயிரம் குடுத்தாக் காணும்" என்றார். அக்காவின் கணவர்.

யோகனுக்கு நாற்பத்தைந்து வயதுபோல. மெலிந்த உடம்பு, சாரம், தோளில் ஒரு சிவப்புத் துவாய். பேசும்போது கையை வாய்க்கு முன்னால் கொண்டுவரும் பழக்கம் இருந்தது. கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். ஆறரைக்குத் தோணியைத் தள்ளினார். மழைக்கு முன்னால் வரும் அந்த மஞ்சள் வெளிச்சம், கரையோரச் சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்களில் கொக்குக் கூட்டம், அசையாத தண்ணீர். மிரர்லெஸ்ஸுக்கென்றே செய்துவைத்த காலைநேரம். நான் அழுத்து அழுத்து என்று அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் ஒன்று விளங்கியது. நான் லென்ஸைத் திருப்பும் பக்கமெல்லாம் மீனவர்கள் முதுகைக் காட்டினார்கள். எட்டத்தில் ஒருவர் வலையைப் போட்டபடி விட்டுவிட்டு, துவாயால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யோகனும் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டுதான் கம்பு ஊன்றினார்.

"கோவிக்காதீங்க சேர்," என்றார். "முந்தி ஒரு ஆள் இப்பிடித்தான் பெரிய கமராவோட வந்து படம் புடிச்சிட்டுப் போனார். மறுகா மீன்பிடிக் கந்தோர் ஆக்கள் வந்தாங்க, வலையெல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. அண்டையில இருந்து நீட்டுக் கமராவக் கண்டா எங்கட ஆக்கள் முகம் குடுக்க மாட்டாங்க."

தோணியின் அடியில், தறப்பாளுக்குக் கீழே, தங்கூசி வலை ஒன்று சுருட்டிக் கிடந்தது. மெல்லிய நைலோன் வலை, தடைசெய்யப்பட்டது. நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த முதுகுகள் பிடித்திருந்தன. விடிகிற வெளிச்சத்தில் சிவப்புத் துவாய் சுற்றிய ஒரு கறுத்த உருவம் கம்பு ஊன்றுகிறது. அட்டைப்படத்துக்கே போடலாம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்து, துறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். குணம் வெளியே ஓட்டோ கழுவிக்கொண்டிருந்தார். இப்போது கொம்பெக்ட்டின் முறை. அதை வெளியே எடுத்ததும் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருப்பார்கள். நான் மெனுவுக்குள் தலையை விட்டு எதையோ மாற்றிக்கொண்டிருந்தேன். யோகன் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து அழுத்தினேன். நேர்முகம், கண் நிறையச் சிரிப்பு, மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை.

திரையில் காட்டினேன். கை உடனே வாய்க்குப் போனது.

"ஐயோ, அழிங்க சேர், அழிங்க. இத இவ கண்டா அம்மாளாணை அங்க இருந்தே அழுவா."

"ஆர்?"

"என்ட வீட்டுக்காரி. குவைத்தில வேலைக்கு நிக்கா. தோணி விளிம்பில முகம் அடிபட்டுப் பல்லுப் போனது அவக்குத் தெரியா. போன் கமரா பழுது எண்டு சொல்லிச் சும்மா கதைதான் கதைக்கிறன். மார்கழியில லீவில வருவா. அதுக்குள்ள பல்லுக் கட்டிருவன்."

அழித்துவிட்டேன், அவர் கண்முன்னாலேயே. ஒருவர் அழிக்கச் சொன்னால் அவர் பார்க்கவே அழிக்கவேண்டும் என்று இதே தளத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அன்று மத்தியானமே கொம்பெக்ட்டின் பற்றரி இறங்கிவிட்டது. சார்ஜர் கொழும்பில். சரிதான், இதைத்தான் விற்கப்போகிறேன் என்று பைக்குள் போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை வடக்கே புறப்பட்டேன். மட்டக்களப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து வாகரைப் பக்கம் போகும் இன்னொரு பஸ். நான் போன கதிரவெளி, மட்டக்களப்பு நகரிலிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் அரைநாள் போய்விடும். நல்ல கடற்கரை. சாப்பாட்டுக் கடைகள் குறைவு. பின்னேரம் மூன்று மணிக்கு வானம் கறுத்து, இடியும் காற்றுமாக ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்தது. தெற்கேயும் அதே நேரம் அடித்திருக்கிறது. யோகன் அப்போது வலை எடுக்க வாவிக்குள் போயிருந்தார். தோணியைக் கவிழ்ந்தபடி கண்டெடுத்தார்கள். ஆளை அதற்கடுத்த நாள் விடியத்தான் கண்டெடுத்தார்கள்.

குணம் எனக்குப் போன் எடுத்தது அதன் பிறகு. அழுது முடித்த குரல்.

"சேர், அத்தான்ட படம் உங்களிட்ட இரிக்குந்தானே? ஆசுப்பத்திரியில பெட்டிய மூடித்தான் தரப்போறாங்க. மீன் கடிச்சதால முகம் பாக்க ஏலாதாம். அக்காவ குவைத்தில அந்த வீட்டுக்காரங்க விடல்ல, அவவால வர ஏலா. ஒரு படமாவது வேணும்."

வீட்டில் படமே இல்லையா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கலியாண அல்பம் வெள்ளத்தில் போயிருந்தது. அடையாள அட்டையும் போனும் அவருடனேயே தண்ணீரில் ஊறியிருந்தன. மனைவியின் பழைய போன் குவைத்தில் பழுதாகி, அதிலிருந்த படங்களும் போயிருந்தன. உறவுக்காரர்களின் போன்களில் இருந்ததெல்லாம் கோயில் திருவிழாவில் ஐம்பது பேருக்கு நடுவே ஒரு தலை. என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸேறினேன். வழியில் மிரர்லெஸ்ஸின் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். முதுகு. துவாய். முதுகு. கன்னத்தின் ஓரம். முதுகு. கடைசிப் படம்வரை போய், திரும்பவும் முதலிலிருந்து தள்ளினேன்.

களுவாஞ்சிக்குடியில் பனர் அடிக்கும் ஸ்டூடியோ ஒன்றில் குணம் காத்திருந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் சந்தியில் இறந்தவரின் படத்தோடு பனர் கட்டவேண்டும். பெட்டியின் தலைமாட்டிலும் சட்டம் போட்ட படம் வைக்கவேண்டும். ஸ்டூடியோக்காரர் என் படங்களைக் கணினியில் போட்டு, இருட்டை வெளிச்சமாக்கி, பெரிதாக்கிப் பார்த்தார். "முதுகு நல்லா வந்திரிக்கு," என்றார். நக்கலாகச் சொல்லவில்லை, மெய்யாகவே அவ்வளவுதான் வந்திருந்தது. "சாவீட்டுப் படமெண்டா நேர்முகம் வேணும், ரெண்டு காதும் தெரியவேணும். அப்பதான் நான் கொம்பியூட்டர்ல கோட் போட்டுக் குடுக்கலாம்."

அப்போதுதான் அழித்த படத்தைச் சொன்னேன்.

"அந்தக் கார்ட்டில மறுகா ஒண்டும் எடுக்கல்லையே?"

"இல்லை. பற்றரி செத்துப்போச்சு."

"அப்ப வரும். தாங்க."

அழித்த படங்களைத் தோண்டியெடுக்கும் மென்பொருள் ஒன்றை ஓட்டினார். எங்கோ கிடந்த பழைய படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் யோகன் வந்தார், சிரித்தபடி. குணம் திரையைத் தொட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அவர் திரும்பி வந்ததும், யோகன் அந்தப் படத்தை ஏன் அழிக்கச் சொன்னார் என்பதைச் சொன்னேன். குணத்துக்கும் அது தெரிந்திருந்தது. "அக்காக்கிட்ட மறைச்சவர். மறைச்சபடியே போகட்டும் சேர்," என்றார். ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "சிரிச்ச படம் சாவீட்டுக்கு வைக்கிறல்ல. ஆனா வாய மூட ஏலா. பல்ல வேணுமெண்டா வைக்கலாம்." கோட்டும் டையும் வேண்டாம், அத்தான் கலியாணத்துக்குக்கூட வேட்டிதான் என்று குணம் சொன்னதால் ஒரு வெள்ளைச் சட்டை போட்டார். பிறகு வேறு யாருடைய படத்திலிருந்தோ ஒரு பல்லை வெட்டியெடுத்து இடைவெளியில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பனர் அச்சில் ஓடத் தொடங்கியதும், குணம் படத்தைக் குவைத்துக்கு அனுப்பினார்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது, அவருடைய போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். யோகனின் மனைவி சுதா.

"தம்பி, இது ஆர்ட பல்லு?"

ஸ்டூடியோக்காரர் திரையில் அந்தப் பல்லைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அவருக்கு அந்தப் பல்லு உள்ளுக்குத் திரும்பித்தான் நிக்கிற. இருவது வருசமாப் பாத்த முகம், எனக்குத் தெரியாதா? என்ன செஞ்ச நீங்க? முகத்துக்கு என்ன நடந்த? ஒழுங்கான படத்த அனுப்பு."

குணம் என்னைப் பார்த்தார். நான் அனுப்பச் சொல்லித் தலையாட்டினேன். சொல்ல எனக்கு என்ன உரிமை என்று இன்றும் தெரியவில்லை. அழிக்கச் சொன்னவர் பெட்டிக்குள் இருந்தார். ஆனால் முகம் சிதைந்துவிட்டதை மறைக்கிறோம் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்க, இன்னொருவனின் பல்லை எப்படிக் காப்பாற்றுவது?

படம் போனது.

"எப்ப விழுந்த?"

"ஆவணியில அக்கா. தோணியில அடிபட்டு. நீ கவலப்படுவா எண்டுதான்..."

"இதுக்காடா வீடியோவுல வராம இருந்த மனிசன்? நான் வேற என்னவோ எண்டு நினைச்சு, கடைசியாக் கதைக்கக்குள்ளயும் ஏசிப்போட்டு வைச்சிட்டன் தம்பி. வேற ஆரும் இரிக்காளா எண்டு கேட்டுட்டன்."

அதற்குமேல் அவர் கத்தியதை எழுத என்னால் முடியாது.

தலைமாட்டுக்குப் பல் இல்லாத படத்தையே வைக்கச் சொன்னார். அப்படியே வைத்தார்கள். சந்திப் பனர் அதற்குள் அடித்து முடிந்திருந்தது. அதனால் அடக்கம் நடந்த அன்று, பெட்டி அந்தச் சந்தியைத் தாண்டிப் போகும்போது, இன்னொருவரின் பல்லோடு யோகன் மேலே சிரித்துக்கொண்டிருந்தார். குவைத்திலிருந்து சுதா பார்ப்பதற்காகக் குணம் வழி நெடுகப் போனை உயர்த்திப் பிடித்தபடி நடந்தார். மழை தூறியது. நான் கமராவைக் கொண்டுபோகவில்லை.

இனி, கேட்டவர்களுக்கு. கொம்பெக்ட்டை விற்கவில்லை. மனம் திருந்தி மிரர்லெஸ்ஸை விற்றுவிட்டேன் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், அதையும் விற்கவில்லை. கொக்குக்கும் வானத்துக்கும் அது வேண்டும். ஆனால் வாவிக்குள் போவதென்றால் சின்னதைத்தான் முதலில் வெளியே எடுங்கள்; நீள லென்ஸைக் காட்டினால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது முதுகுதான், அதற்கு அவர்களிடம் நியாயமும் இருக்கிறது. உங்களைக் கூட்டிப்போகிறவரை நேர்முகமாக ஒரு படம் எடுத்து, அன்றைக்கே அவருடைய வீட்டுக்கு அனுப்புங்கள். அழிக்கச் சொன்னால் அழியுங்கள், நான் இனியும் அழிப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்குப் பிறகு தோணியேறாதீர்கள். சார்ஜரை மறக்காதீர்கள்.

மார்கழியில் சுதா ஊருக்கு வந்ததும் எனக்குப் போன் எடுத்தார். நன்றி சொல்லத்தான் எடுத்திருக்கிறார் என்று நினைத்து எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவருக்கு வேண்டியிருந்தது வேறு. தேத்தண்ணிக் கடையில் விசாரித்தாராம், அவர்களுக்கு ஞாபகமில்லையாம். குணம் வெளியில் நின்றவராம்.

"அண்ணன், அந்தப் படத்தில அவர் என்னத்துக்குச் சிரிக்கார்?"

யோசித்துப் பார்த்தேன். அந்தப் படத்தின் ஷட்டர் வேகம்கூட எனக்குத் தெரியும். யார் என்ன சொன்னார்கள், அவர் எதற்குச் சிரித்தார், ஒன்றுமே வரவில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

"நீங்க பக்கத்திலதானே இருந்தீங்க?" என்று கேட்டார்.

ஓம், பக்கத்தில்தான் இருந்தேன்.