அவளுடைய கட்டுரையில் என் வசனங்கள்

சுவிட்சர்லாந்தில், லுசேர்ணுக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில், ஒரு சிறிய அமெரிக்கக் கல்லூரியில் நான் படித்தேன். எங்கள் ஊரான ஆராவிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். இரண்டாம் வருடத்தில் அங்கேயே ஒரு வேலையும் கிடைத்தது. வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்பில் உதவுகிற நிலையத்தில், ஆங்கிலக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து வழிகாட்டுகிற வேலை.

நிலையத்தின் பொறுப்பாளர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. முதல் நாளே எங்களுக்கு ஒரு விதியைச் சொன்னார். கேள்வி கேட்கலாம், இலக்கணத்தை விளக்கலாம், சத்தமாக வாசிக்கச் சொல்லலாம். ஆனால் மாணவருடைய கட்டுரையில் ஒரு வசனத்தைக்கூட நாங்கள் எழுதக் கூடாது. இதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஹோட்டல் நிர்வாகம் படிக்க வந்த ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழா நீங்க?" என்றாள்.

"ஓம்."

"ஓம்னா ஆமாங்களா?" என்று சிரித்தபடி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தினமும் காத்திருந்த ஓர் இடத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார் அவளுடைய ஆங்கிலப் பேராசிரியர். அவள் ஊரில் தான் இருந்த பெண்கள் விடுதியில் தண்ணீருக்கு நின்ற வரிசையைப் பற்றி எழுதியிருந்தாள். "ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். ஐந்து மணிக்கு முன்னால் எங்களில் யாருக்கும் யாரும் சிநேகிதி இல்லை." எல்லாம் அப்படிக் கட்டையான வசனங்கள். காலம் பிழை, ஒருமை பன்மை பிழை.

"இதை இப்பிடியே குடுத்தா சிரிப்பினம்," என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. நான் லப்டொப்பை என் பக்கம் திருப்பினேன். முதலில் பிழைகளைத்தான் திருத்தினேன். பிறகு இரண்டு வசனங்களை ஒன்றாக்கினேன். பிறகு எனக்குப் பிடித்த சொற்களைப் போட்டேன். ஒரு மணித்தியாலத்தில் அந்த வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைப் போலவே யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இரக்கத்தால் செய்தேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் ஆங்கிலத்தைக் காட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அது.

வாசித்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "நான் எழுதின மாதிரியே இல்லைங்களே."

"இப்பதான் இங்கிலிஷ் மாதிரி இருக்கு. குடுங்கோ."

அவள் என்னை நம்பிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்துப் பேராசிரியர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வகுப்பில் அவள் எழுதியவற்றையும் இந்தக் கட்டுரையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இது உன்னுடைய எழுத்து இல்லை. எங்கிருந்து எடுத்தாய்?" என்று அவளைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதில் நீ ஏதாவது எழுதினாயா?"

"இல்லை. இலக்கணம் மட்டும்தான் விளக்கினேன்."

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்து, "தப்பு என்னுடையதுதான்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவ்வளவுதான். அந்தப் பாடத்தில் அவளுக்குப் பூச்சியம் போட்டார்கள். களவெழுத்து என்று கோப்பில் பதிந்தார்கள். வசந்தத்தில் லுசேர்ண் ஹோட்டல் ஒன்றில் தொடங்கவிருந்த அவளுடைய பயிற்சி வேறொருவருக்குப் போனது.

வெளியே நடைபாதையில் அவள் என்னைத் திட்டப் போகிறாள் என்று நின்றேன். அவள் குரலைத் தணித்துச் சொன்னாள்: "பயப்படாதீங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். வேலை போச்சுன்னா உங்க விசாவுக்குப் பிரச்சினை ஆயிடுமில்லைங்க."

நான் ஆராவில் பிறந்தவள். சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட் வைத்திருப்பவள். அந்த வேலை போனால் எனக்கு ஒன்றும் நடக்காது. விசாவில் இருந்தது அவள்தான். அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

"ஓம், கரைச்சல்தான்," என்றேன்.

அதற்குப் பிறகு கன்டீனுக்குப் பின்வாசலால் போனேன். எதிரே அவள் வந்தால் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். வேலையை மட்டும் விடவில்லை. மற்ற மாணவர்களிடம் அந்த விதியை நானே விளக்கிச் சொன்னேன்.

மூன்று மாதம் அப்படிப் போனது. ஒரு மத்தியானம் கன்டீனில் இருந்து வாக்குச் சீட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். நகரசபை தபாலில் அனுப்புகிற பெரிய கடித உறை மேசையில் கிடந்தது. அவள் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"நீங்க இங்க ஓட்டுப் போடுவீங்களா?"

"ஓம்."

"அப்ப விசா?"

"எனக்குத் தேவையில்லை."

அவள் உறையில் இருந்த என் பெயரை வாசித்தாள். பிறகு வேறு மேசைக்குப் போய் இருந்து, எனக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டாள்.

அன்றைக்குத்தான் பொறுப்பாளரிடம் போனேன். மனச்சாட்சி கூட்டிக்கொண்டு போனது என்று சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்றார். வெட்கமாக இருந்தது என்றேன். என் பெயரட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார். அவளுடைய கோப்பிலிருந்து களவு என்ற சொல்லை எடுத்தார்கள். ஆனால் செமஸ்டர் முடிந்திருந்தது, பயிற்சி இடமும் போய்விட்டது. கோடை விடுமுறையில் அவள் அந்தப் பாடத்தைத் திரும்பவும் படித்துத் தேறினாள்.

மன்னிப்புக் கேட்க ஒருநாள் அவளுடைய விடுதிக்குப் போனேன். உடுப்புத் தோய்க்கிற அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதிக் குடுத்ததுகூட எனக்குப் பெருசில்லைங்க," என்றாள். "நான் உங்களைக் காப்பாத்தறதா நினைச்சுட்டு இருந்தேன். மூணு மாசம் நினைக்க விட்டீங்களே."



என் பட்டமளிப்பு நாளில் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். விருந்து பரிமாறியவர்கள் ஹோட்டல் நிர்வாக மாணவர்கள். எங்கள் மேசைக்கு அவள் வந்தாள். தமிழ் முகத்தைக் கண்டதும் அம்மாவுக்குச் சந்தோஷம். "பிள்ளை, என்ர மகளைத் தெரியுமோ?"

"தெரியும்மா. எனக்குக் கட்டுரை எழுத உதவி பண்ணாங்க," என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கிளாசில் தண்ணீர் ஊற்றினாள். அம்மா பெருமையோடு என்னைப் பார்த்தா. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் ரயிலில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.  ஆராவ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மா கேட்டா:

"பூச்சியம் போட்டதை அந்தப் பிள்ளை தாய் தகப்பனிட்ட என்னெண்டு சொன்னது?"

"தெரியாதம்மா," என்றேன். "நான் ஒருநாளும் கேக்கேல்லை."