கால் முதலில் பிறந்தவனுக்கு ஒரு ஊசி

யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உங்களுக்குத் தலை மட்டும் திரும்பும். எனக்கு மூன்று மாதமாக மொத்த உடம்பும் திரும்பியது. மாடிப்படியில் பீரோவை ஏற்றுகிறவர்கள் அதைத் திருப்புவார்களே, அந்த மாதிரி. தாராவிச் சந்தில் அப்படித் திரும்பினால் ஒரு தோள் இந்தச் சுவரில் இடிக்கும், மறு தோள் அந்தச் சுவரில் இடிக்கும். நல்லவேளை, இந்த ஊரில் என்னைப் பின்னாலிருந்து கூப்பிட ஆள் கிடையாது. அதனால் பெரிய சேதம் இல்லை.

வந்து நான்கு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறையில் வேலை. ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பை என்னை விடவில்லை. நாள் முழுக்கக் குனிந்து மிஷினில் ஜிப் ஓட்டி ஓட்டி, வலது தோளுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே கோலிக்குண்டு மாதிரி ஒன்று திரண்டுவிட்டது. வலது கையும் எட்டாது, இடது கையும் எட்டாது. வேறொருத்தர் கைக்கென்றே ஒதுக்கி வைத்த இடம் போலிருக்கிறது அது.

இத்தனைக்கும் நான் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் பாதத்தால் மூன்று தடவை நீவிவிட்டால் சுளுக்குப் போய்விடும் என்று எங்கள் நாங்குநேரிப் பக்கத்தில் சொல்வார்கள். ஆறு வயதிலேயே தெருவுக்கு நான்தான் சுளுக்கு டாக்டர். கணக்கு வாத்தியாரும் ஒருநாள் வந்து எங்கள் வீட்டில் குப்புறப் படுத்தார். அன்று காலையில்தான் அவர் பிரம்பு என் கெண்டைக்காலில் விழுந்திருந்தது. அவருக்கு மட்டும் நான்காவதாக ஒன்று சேர்த்து மிதித்தேன். "சரியாப் போச்சுலே!" என்று சந்தோஷமாக எழுந்து போனார். அத்தனை பேர் முதுகில் ஏறிய காலுக்கு என் முதுகில் ஏறத்தான் வழியில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தக் குண்டைத் தேடிப் பிடித்து அழுத்தினார். அழுத்தியது தோளில். வலி போனது காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப்பொட்டுக்கு. தசை முடிச்சு அப்படித்தான், ஓரிடத்தில் இருந்துகொண்டு வேறிடத்தில் வலிக்கும் என்று இந்தியில் சொன்னார். முடிச்சுக்குள்ளேயே ஊசி போட்டால் இளகுமாம். ஆனால் சிலருக்கு மயக்கம் வருமாம். அதனால் நாளைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு வா, தனியாக வந்தால் போட மாட்டேன் என்றார்.

பக்கத்து மிஷினில் தைக்கிற சுனில் பீகார்க்காரன். நான் தினமும் வம்புக்கு இழுப்பது அவனைத்தான். போன மாதம் மயங்கி விழுவது போல நடித்தேன். அவன் அலறிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தபோது, டீ இல்லையா என்று கேட்டேன். இப்போது, ஊசி போட என்கூட வா என்றதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். முதலாளி அண்ணாச்சி எங்கள் பக்கத்து ஆள். அவரும் நம்பவில்லை. "ஏலே, போன மாசந்தானல செத்துப் பொழச்ச? இந்த மாசமுமா? சோலியப் பாருலே."

பட்டறையே சிரித்தது. பழக்கதோஷம், நானும் சிரித்தேன்.

மறுநாள் தனியாகத்தான் போனேன். நர்ஸ் கேட்டார்: "சாத் மே கோன் ஹை?" கூட யார் என்கிறார். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். யார் வரப்போகிறார் என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட மராட்டிக்காரர் ஒருவர், டாக்சி டிரைவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணலாக உட்கார்ந்திருந்தார். அவரிடமும் அதே கேள்வி. அவரும் அதே பொய்யைச் சொல்லிவிட்டு அதே வாசலைப் பார்த்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. பெரியவரே என்கிற மாதிரி காகா என்று கூப்பிட்டு, நான் காலால் ஒன்று வைத்தால் உங்கள் இடுப்பு சரியாகிவிடும் என்று என் ஓட்டை இந்தியில் சொன்னேன்.

"லாத் மாரேகா? முஜே?" உதைப்பாயா, என்னையா என்று அவர் மீசை துடித்தது.

அவசரமாக இரண்டு கையையும் கால்களாக்கி, வயிற்றிலிருந்து அவை முதலில் வெளியே வருவதுபோல நடித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"அரே! தூ பாயாளு ஹை க்யா?"

கால் முதலில் பிறந்தவனுக்கு மராட்டியில் தனியாக ஒரு பெயரே இருக்கிறது! நான்கு வருடமாக இந்த ஊரில் நான் மதராசி. அன்றைக்குத்தான் நான் யார் என்று ஒருவருக்குத் தெரிந்தது. அவர் மெல்ல எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டினார். "மார்!" உதை என்கிறார்.

செருப்பைக் கழற்றிவிட்டு இடுப்பில் நீவினேன். மூன்றாவது தடவைக்கு நர்ஸ் வந்து கத்தினார், என்ன நடக்கிறது இங்கே என்று. நான் காலை இறக்குவதற்குள் டிரைவர் என்னைக் காட்டி, "மாஜா பாவு," என்றார். என் தம்பியாம். இவன் மதராசி, நீங்கள் மராட்டி, எப்படி என்று நர்ஸ் கேட்டார். அம்மா வேறே என்றேன் நான். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அவரும் அவருக்கு நானும் துணை என்று எழுதிக்கொண்டார்.

டாக்டரம்மா முடிச்சை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து ஊசியை இறக்கினார். தசை தானாக ஒரு துள்ளல் துள்ளியது. நெற்றிப்பொட்டில் மின்னல். டிரைவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மராட்டியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். "அய்யோ, விடாதீங்கய்யா," என்று நான் தமிழில் கத்தினேன். அவர் விடவில்லை. பிறகு அவர் முறை. அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வாசலில், "காளஜி கே," உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை. என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மராட்டி எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது.

ஊசி போட்ட இடத்தில் சின்னதாகப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. கை எட்டாத அதே இடம். அதைப் பிய்க்க இனி யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பார்கள்.

தாராவிக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். பட்டறைச் சந்தில் நுழையும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏலே, நில்லுலே!"

திரும்பிவிட்டேன். மூட்டை இறக்குகிற ஒருவர் தன் கூட்டாளியைக் கூப்பிட்டிருக்கிறார். என்னை இல்லை. அதன் பிறகுதான் கவனித்தேன், என் தலை மட்டும் திரும்பியிருந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை. அந்தக் குரல் நின்ற பிறகும் முகம் அந்தப் பக்கமே இருந்தது. கால் இரண்டும் பட்டறையைப் பார்த்து நின்றன.