சித்தி படித்த இணைய ஆங்கிலம்

பச்சைப் பலகையில் வெண்கட்டியால் எழுதியிருந்த ஆங்கிலச் சொற்களைச் சித்தி வாய்விட்டுப் படித்த மாலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அப்லோட், டவுன்லோட், கனெக்‌ஷன், ஷேர், டிலீட், வைரல். மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் வாரம் ஒருமுறை ஆங்கில வகுப்பு நடக்கும். பக்கத்து ஊரான தானா ராத்தாவிலிருந்து ஓர் இளம் ஆசிரியை வருவார். அன்றைய பாடம், இணையம் அன்றாட வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்று ஆங்கிலத்தில் பேசுவது. நான் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத் தேர்வுக்காகப் போனேன். அம்மாவின் தங்கையான சித்தி, வேலைக்காக வந்தார்.

சித்தி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். சரிவின் உச்சியில் சுற்றுப்பயணிகளுக்காகத் தோட்டத்து நிர்வாகம் நடத்திய தேநீர்க் கடையில், ஆங்கிலம் பேசத் தெரிந்தால் கல்லாவில் நிற்கலாம் என்றார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று அலுத்துப்போன சித்திக்கு அந்த இடம் கிடைத்தே ஆகவேண்டும் என்று இருந்தது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர், துணி காயப்போடும்போதும் சோறு வடிக்கும்போதும் ஆசிரியை கொடுத்த மாதிரி வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார். “தி இன்டர்நெட் அஃபெக்ட்ஸ் அவர் எவ்ரிடே லைஃப். இட் ஹேஸ் மெனி அட்வான்டேஜஸ் அண்ட் டிஸ்அட்வான்டேஜஸ்.” இணையம் நம் அன்றாட வாழ்வைப் பாதிக்கிறது, அதில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு. இவ்வளவுதான் பொருள். கல்லா வேலை கிடைத்த அன்று சித்தி எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்தார்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கடும் மழை. கடையில் கூட்டம். இணையத் தொடர்பு அறுந்துபோயிருந்தது. ஓர் இளைஞன் வைஃபை ஏன் வரவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான். மன்னிப்புக் கேட்ட சித்தி, அதோடு நிறுத்தாமல், மனப்பாடமாக இருந்த முதல் வாக்கியத்தையும் சொன்னார். அவன் கைப்பேசியை உயர்த்தி, மறுபடியும் சொல்லச் சொன்னான். சித்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொன்னார். நான் அங்கே இல்லை. ஆனால் எல்லோரையும் போல நானும் அதைப் பார்த்தேன். சித்தி அடுத்தவருக்குத் தேநீர் ஊற்றத் திரும்பியதும், படம் எடுத்தவனின் குரல் தெளிவாகத் தமிழில் கேட்கிறது: “செம ஜோக்கு லா இந்த ஆன்ட்டி.”

“டவுன் பையன் ஒருத்தன் என் இங்கிலீஷ வீடியோ எடுத்துட்டுப் போனான்டி” என்று அன்று சித்தி பூரித்துப்போய் வந்தார். சில நாளில் அது கைப்பேசி கைப்பேசியாக எங்கள் லயத்துக்கே வந்து சேர்ந்தது. பின்னணியில் ஏதோ கோமாளி இசை சேர்த்திருந்தார்கள். அப்போதும் சித்திக்குப் புரியவில்லை. “வைரல் ஆயிட்டேனா? டீச்சர் அத நல்ல வார்த்தைன்னுதானே சொன்னாங்க?” என்றார். பிறகு கீழே எழுதியிருந்தவற்றை ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். எஸ்டேட் சரக்கு, கிளி, படிக்காத ஜென்மம். எல்லாம் ஆங்கிலத்தில். அந்த வகுப்புக்குப் போகாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

“இத டிலீட் பண்ணுடி” என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

நம்மிடம் இருப்பதை மட்டும்தான் அழிக்க முடியும், ஊரெல்லாம் போய்விட்டதை யாராலும் அழிக்க முடியாது என்று சொன்னேன்.

“அப்புறம் எதுக்குடி அந்த வார்த்தைய நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?”

மறுவாரம் ஆசிரியை வீட்டுக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “நீங்க சொன்னதுல ஒரு பிழைகூட இல்லக்கா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான். சித்தி கேட்டார்: “பிழை இல்லன்னா ஏன் டீச்சர் சிரிக்கிறாங்க?” ஆசிரியை, கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

கடைக்கு வந்தவர்கள் சித்தியைத் தேடினார்கள். கைப்பேசியை நீட்டி, சொல்லுங்கள் என்றார்கள். சித்தி முகத்தைத் திருப்பியபோது மேனேஜர் பக்கத்தில் வந்து, “சொல்லுங்கக்கா. கூட்டம் வருது லா. சும்மா ரெண்டு வரிதானே” என்றார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சித்தி சொன்னார். சிரிக்காமல் சொன்னார். சிரிக்காமல் சொன்னதுகூட அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தபோது, ஏப்ரனைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். மறுநாள் மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். எங்களில் யாரும் தடுக்கவில்லை. தடுத்து என்ன சொல்வது?

அந்த ஆண்டு வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த தலைப்பும் இணையம்தான். அதே இரண்டு வாக்கியங்களோடு தொடங்கினேன். தேர்வாளர் தலையசைத்துப் பாராட்டினார். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்த மதிப்பெண்களோடு படித்து, இன்று ஈப்போவில் குளிரூட்டிய அலுவலகத்தில் நாளெல்லாம் ஆங்கிலத்தில் பேசிச் சம்பளம் வாங்குகிறேன். என் வாயில் வந்தால் அது படிப்பு. சித்தியின் வாயில் வந்தபோது அது நகைச்சுவை. சொற்கள் ஒன்றுதான். கொழுந்துக் கறை படிந்த விரல்களும், மூக்குத்தியும், நாங்கள் பேசும் ராகமும்தான் அவர்களைச் சிரிக்க வைத்தன என்று பிற்பாடு புரிந்தது. புரிந்து என்ன பயன்?

போன மாதம் சித்தியை முழங்கால் வலிக்காக மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். சீன இனத்து இளம் மருத்துவர், மிகவும் அன்பானவர். எப்போதிலிருந்து வலிக்கிறது, படி ஏறும்போதா இறங்கும்போதா என்று ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். கேள்வி முடிவதற்குள் சித்தியின் கை தானாக முழங்காலின் வலிக்கும் பக்கத்தைத் தொட்டது. அவருக்கு ஒரு சொல்கூட விடாமல் புரிந்திருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. மருத்துவர் என் பக்கம் திரும்பி, இந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டார். நான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தெரியாதுன்னு சொல்லு.”

தெரியாது என்று சொன்னேன், ஆங்கிலத்தில்.