ஆயுத பூஜையும் இடம் மாறிய கட்டளைகளும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் வேலை பார்த்தேன். துறைமுகத்துக்குப் போகும் சரக்குக்கான தாள்களெல்லாம் எங்கள் யூனிக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் வரும். அது என் பொறுப்பு. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆயுத பூஜையன்று ஆபீஸே அமர்க்களப்பட்டது. கணக்குப் பிரிவு அக்காவுக்குச் சுத்தம் என்றால் உயிர். நான் காப்பி குடித்துவிட்டு வந்ததும், "தம்பி, உன் கம்ப்யூட்டர் உள்ளயும் ஒதுக்கிட்டேன் லா" என்றார். 'பின்' (bin) என்ற கோப்பு டைரக்டரியில் இரண்டெழுத்துப் பெயர்களில் ஏதேதோ கிடந்ததாம். எல்லாவற்றையும் 'பெர்காகாஸ்', அதாவது மலாயில் கருவிகள், என்று புது டைரக்டரி திறந்து அதில் அடுக்கிவிட்டாராம்!

ஓடிப்போய்த் திரைக்கு முன் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் எழுந்து நிற்கவே தேவையான நிரல்கள் அவை; நாம் தட்டும் கட்டளைகளும் அவைதான். பட்டியல் காட்டும் கட்டளையைத் தட்டினேன். 'காணவில்லை' என்றது. நகர்த்தும் கட்டளையும் காணவில்லை. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்ததால்தான் கம்ப்யூட்டர் பிழைத்திருந்தது. அணைத்தால் மறுபடி எழாது. ஆனால் பூஜைக்கு எல்லாக் கருவியையும் நிறுத்தி ஓய்வு கொடுப்பது எங்கள் வழக்கம். வெளியே பாஸ் சந்தனக் கிண்ணத்தோடு கடைசி லோரிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"என் வேல போச்சு தம்பி" என்று அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பேரை மட்டும் சொன்னால் கம்ப்யூட்டர் தனக்குப் பழக்கமான சில டைரக்டரிகளில்தான் தேடும். சட்டென்று பொறி தட்டியது: முழு விலாசத்தையும் சொன்னால்? பெர்காகாஸுக்குள் இருக்கும் நகர்த்தும் கட்டளையை, இடத்தோடு சேர்த்துத் தட்டினேன். போன எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுபோகச் சொன்னேன். டிஸ்க் கரகரவென்றது; பட்டியல் காட்டும் கட்டளை மறுபடி வேலை செய்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது!

பாஸ் உள்ளே நுழையவும் நான் முறைப்படி அணைக்கவும் சரியாக இருந்தது. திரையின் நெற்றியில் பொட்டு வைத்தார். அக்கா அதைக் கும்பிட்ட கும்பிடு எந்தச் சாமிக்கும் கிடைத்திருக்காது.

மறுநாள் காலை, சுவிட்சைப் போட்டேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறுப்புத் திரையில் வரிகள் ஓடி ஓடி, கடைசியில் கம்ப்யூட்டர் வழக்கம்போல் என் பெயரைக் கேட்டு நின்றது. நாங்கள் போட்ட கூச்சலில் பாஸ் ஓடிவந்தார்.

"என்ன லா சத்தம்?"

"ஒன்னுமில்ல பாஸ்" என்றார் அக்கா. "எல்லாம் அதது எடத்துல இருக்கு."